வேலை போனால் அரசு என்ன தரும்? கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டிய ஒரு கட்டம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம், "இதை எதற்கு வாங்கினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு, துபாயில் இருக்கும் மகனுடன் பேச, கரண்ட் பில் கட்ட, ரயில் டிக்கெட் எடுக்க என்று பதில் வரும். "வேலை போனால் எனக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்க" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், அதற்கும் இந்தப் பெட்டி உதவும். எப்படி என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கற்றுக் கொண்டேன். கற்றுக் கொடுத்தது என் சித்தப்பா மகள்.

ஒரத்தநாடு பக்கம் அவர்கள் ஊர். மூன்று மா நிலம். பிளஸ் டூ முடித்ததும் ஊரில் இருந்து நான்கைந்து பெண்களுடன் ஸ்ரீபெரும்புதூருக்குப் போனாள். செல்போன் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. மாதம் 9,000 ரூபாய் வரை வந்தது. ஆறு ஆண்டுகள் ஓடின. 2014 டிசம்பரில், "ஆர்டர் இல்லை" என்று சொல்லி அனுப்பி விட்டார்கள். 2015 பொங்கல் முடிந்து என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் பேப்பர்கள்.

"அண்ணே, அரசாங்கத்துல ஏதாவது கிடைக்குமான்னு கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்கண்ணே."

பார்த்தேன். கிடைத்திருக்க வேண்டிய ஒன்று இருந்தது. ஆனால், அவள் கையெழுத்துப் போட்ட கடிதத்தில் இருந்த நான்கு சொற்கள் அதைத் தடுத்து விட்டன. "சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்கிறேன்." செக் வேண்டுமானால் இதில் கையெழுத்துப் போடு என்று சொன்னார்களாம். போட்டு விட்டாள்.

அந்தச் சொற்களின் விலை என்ன என்று பார்க்கும் முன், அந்த ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது என்று பார்த்து விடுவோம்.

நோக்கியா வந்ததும் போனதும்

நோக்கியா நிறுவனம் 2005-ஆம் ஆண்டு தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தயாரிக்கத் தொடங்கியது. பாக்ஸ்கான் முதலான சப்ளையர் நிறுவனங்களும் அதே வளாகத்துக்கு வந்தன. நம்மில் பலர் முதன் முதலில் வாங்கிய, டார்ச் லைட் வைத்த நோக்கியா போன் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம்.

2013-இல் வருமான வரித் துறையுடன் வழக்கு. ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் நோக்கியா தன் செல்போன் தொழிலை மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்த போது, வரி வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதில் சேரவில்லை. அந்த ஆண்டு விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டு, 5,000 பேர் அளவில் வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலையும் நின்றது. அங்கே 1,700 பேர் அளவில் வேலை இழந்தனர். வேலை இழந்தவர்களில் பலர் இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர்கள், இளம் பெண்கள்.

இதில் "விருப்ப ஓய்வு" என்ற சொல்லைக் குறித்துக் கொள்ளுங்கள். பின்னால் வரும்.

அதே நிறுவனம், வேறு ஊர்கள்

நோக்கியா ஆலையை மூடியது ஸ்ரீபெரும்புதூரில் மட்டுமல்ல. ஜெர்மனியில் போகும் நகரில் 2008-இல் மூடியது. பின்லாந்தில், அதன் சொந்த நாட்டில், சாலோ நகரில் 2012-இல் மூடியது. அங்கே வேலை போனவர்களுக்கு என்ன கிடைத்தது?

ஐரோப்பிய யூனியனில் இதற்கென்றே ஒரு நிதி உள்ளது. உலகமயமாக்கலால் வேலை இழந்தோருக்கான அந்த நிதி 2007 முதல் இயங்குகிறது. பெரிய ஆலை மூடப்பட்டால், அந்த நாட்டு அரசே விண்ணப்பம் போடும். பணத்தைக் கையில் கொடுத்து அனுப்பி விடுவதில்லை. மறு பயிற்சி, வேலை தேட வழிகாட்டுதல், சொந்தத் தொழில் தொடங்க உதவி, பயிற்சிக் காலத்தில் உதவித் தொகை என்று செலவழிப்பார்கள். போகும் தொழிலாளர்கள் 1,300-க்கும் மேற்பட்டோருக்காக 55 லட்சம் யூரோ அளவில் இந்த நிதியில் இருந்து ஒதுக்கப்பட்டது. சாலோவுக்கும் அதன் சப்ளையர்களிடம் வேலை இழந்தவர்களுக்கும் சேர்த்து, சுமார் 4,500 பேருக்கு, 53 லட்சம் யூரோ அளவில் கிடைத்தது.

அமெரிக்காவிலும் 1962 முதல் இப்படி ஒரு திட்டம் இருந்தது. வெளிநாட்டு இறக்குமதியால் வேலை போனால் பயிற்சியும் உதவித் தொகையும் தரும் திட்டம் அது. நாடாளுமன்றம் நீட்டிக்காததால் 2022 ஜூலை முதல் புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை.

நமக்கு இது புதிதல்ல. டெல்டாக்காரர்களுக்கு நிவாரணம் என்ற சொல் நன்றாகத் தெரியும். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்காவிட்டால் குறுவைத் தொகுப்புத் திட்டம் உண்டா என்று கேட்போம். 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி என்று அறிவித்த போது, நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் அறிவிக்கப்பட்டது. போதுமா போதாதா என்பது வேறு கதை. பயிர் காய்ந்தால் வி.ஏ.ஓ. வந்து பார்ப்பார், அடங்கலில் எழுதுவார், பணம் கணக்குக்கு வரும் என்று ஒரு வழி இருக்கிறது. அதே வீட்டுப் பெண்ணுக்குத் தொழிற்சாலையில் வேலை போனால் வழி உண்டா? என் சித்தப்பா கேட்டது இதைத்தான்.

உண்டு. ஆனால் வி.ஏ.ஓ. வந்து எழுத மாட்டார். அந்தப் பதிவு கம்ப்யூட்டரில் நடக்கிறது. அதை எழுதுவது நிறுவனம்.

"காரணம்" என்ற கட்டம்

ஒவ்வொரு மாதமும் உங்கள் நிறுவனம் இ.எஸ்.ஐ. இணைய தளத்தில் உங்கள் பெயரில் சந்தா விவரம் பதிவு செய்கிறது. நீங்கள் ஒரு மாதம் வேலைக்கு வரவில்லை என்றால், ஏன் என்று ஒரு பட்டியலில் இருந்து ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விடுப்பு, பணியில் இருந்து விலகினார், ஓய்வு பெற்றார், வேலை நிறுத்தம், ஆட்குறைப்பு என்று அந்தப் பட்டியல் போகும். மவுஸால் ஒரு கிளிக். அவ்வளவுதான். "விலகினார்" என்ற வரியும் "ஆட்குறைப்பு" என்ற வரியும் ஒரே பட்டியலில் சில வரிகள் தள்ளி இருக்கின்றன. ஆனால், இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரியது.

2005 ஏப்ரல் 1 முதல் இ.எஸ்.ஐ. கழகத்தில் ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டம் என்று ஒன்று உண்டு. ஆலை மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பு நடந்தாலோ, குறிப்பிட்ட ஆண்டுகள் சந்தா கட்டியவருக்குச் சம்பளத்தில் பாதி உதவித் தொகையாகக் கிடைக்கும். தொடக்கத்தில் ஆறு மாதம் வரை என்று இருந்தது, பின்னர் படிப்படியாக 24 மாதம் வரை உயர்ந்தது. மருத்துவ வசதியும் தொடரும். ஆனால், தானாக விலகியவருக்கும் முன்கூட்டியே ஓய்வு பெற்றவருக்கும் இது கிடையாது.

இப்போது புரிகிறதா? விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்து விட்டால், சட்டப்படி அது ஆட்குறைப்பு அல்ல. 2014-இல் நோக்கியாவில் ஒப்பந்தம் பேசி வெளியேறியவர்களுக்கு நிறுவனம் தந்த தொகை கிடைத்தது. அரசின் இந்தக் கதவு மட்டும் அந்தப் பெயராலேயே மூடிக் கொண்டது.

என் தங்கைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சம்பளம் 9,000. பாதி 4,500. ஓராண்டு கிடைத்திருந்தால் 54,000 ரூபாய். மூன்று மா நிலத்தில் ஒரு போகம் எடுத்தாலும் செலவு போக அவ்வளவு நிற்காது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பர்களை மறுபடியும் கவருக்குள் வைத்தாள். "முன்னாடியே கேட்டிருக்கணும்ணே" என்று மட்டும் சொன்னாள்.

மூடப்பட்ட ஆலையின் கதையும் அதோடு முடியவில்லை. செல்போன் சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம் அந்த ஆலையை வாங்குவதாக 2019-இல் அறிவித்தது. ஸ்ரீபெரும்புதூர் மறுபடியும் செல்போன் ஊராகி விட்டது. டெல்டாவில் இருந்து மறுபடியும் பிள்ளைகள் பெட்டியோடு பஸ் ஏறுகிறார்கள். தஞ்சையிலேயே மேலவஸ்தாசாவடியில் 2024 செப்டம்பரில் நியோ டைடல் பூங்கா திறந்து விட்டார்கள். எனவே, கீழே சொல்லப் போவது உங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் தேவைப்படலாம்.

இன்று என்ன கிடைக்கும்?

1. இ.எஸ்.ஐ. வேலையின்மை உதவி. 2018 ஜூலையில் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற பெயரில் வந்தது. முதலில் சராசரி தினக் கூலியில் 25 சதவீதம் தந்தார்கள். 2020 கொரோனா காலத்தில் 50 சதவீதம் ஆக்கினார்கள். அதிகபட்சம் 90 நாட்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை. குறைந்தது இரண்டு ஆண்டுகள் இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையால் வேலை போனவர், விருப்ப ஓய்வு பெற்றவர், வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர் ஆகியோருக்குக் கிடையாது. தினக் கூலி 500 ரூபாய் என்றால் 250 வீதம் 90 நாட்களுக்கு 22,500 ரூபாய். இது குறிப்பிட்ட காலத்துக்கு அறிவித்து, அவ்வப்போது நீட்டிக்கும் திட்டம். எனவே, விண்ணப்பிக்கும் முன் கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள். இ.எஸ்.ஐ.யில் சேரச் சம்பள உச்சவரம்பு 2017 முதல் 21,000 ரூபாய்.

2. ஆட்குறைப்பு இழப்பீடு. முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. புதிதாகச் சேர்ந்தது ஒன்று உண்டு: மறு திறன் பயிற்சி நிதி. ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகையை நிறுவனம் இந்த நிதிக்குக் கட்ட வேண்டும். 45 நாட்களுக்குள் அது தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். குறைந்ததும் ஒன்று உண்டு. முன்பு 100 தொழிலாளர் இருந்தாலே ஆலையை மூட அரசு அனுமதி வேண்டும். இப்போது 300 பேர் இருந்தால்தான் வேண்டும்.

3. பி.எப். பணம். இது அரசு உதவி அல்ல, உங்கள் பணம். வேலை போனதும் 75 சதவீதம் எடுக்கலாம், முழுத் தொகையை 12 மாதம் கழித்து எடுக்கலாம் என்று 2025 அக்டோபரில் பி.எப். மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. அவசரம் இல்லாவிட்டால் பென்ஷன் பகுதியைத் தொடாதீர்கள். மொத்தம் பத்து ஆண்டு சேவை சேர்ந்தால் பென்ஷன் உண்டு. அடுத்த வேலைக்குக் கணக்கை மாற்றினால் பழைய ஆண்டுகளும் சேரும்.

4. தமிழக அரசின் உதவித் தொகை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் ஆன, வேலை இல்லாதவர்களுக்கு மாதம் 200 முதல் 600 ரூபாய் வரை, மூன்று ஆண்டுகளுக்குத் தருகிறார்கள். பத்தாவது தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சிறிய தொகைதான். ஆனால், பதிவை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்காமல் விட்டால் இதுவும் போய் விடும். ஸ்ரீபெரும்புதூரில் இருந்த ஆறு ஆண்டில் என் தங்கை ஒரு முறை கூடப் புதுப்பிக்கவில்லை.

5. சொந்தத் தொழில். மாவட்டத் தொழில் மையம் மூலம், வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் 25 சதவீத மானியத்தோடு வங்கிக் கடன் பெறலாம்.

ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள், "எங்களுக்கு இந்தச் சட்டம் எல்லாம் பொருந்தாது" என்று நினைப்பதுண்டு. ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் வைக்கலாம், தொழில் தகராறுகள் சட்டம் அவர்களுக்கும் உண்டு என்று 2016-இலேயே தமிழக அரசு தெளிவுபடுத்தி விட்டது.

உங்கள் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

இவற்றை வேலை போன பின் அல்ல, வேலை இருக்கும் போதே செய்திட வேண்டும்.

முதலில், டாகுமெண்ட்ஸ் போல்டருக்குள் "வேலை" என்ற பெயரில் ஒரு போல்டர் உருவாக்குங்கள். பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டை ஆகியவற்றை ஸ்கேன் செய்து அதில் போடுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் செல்போனில் படம் எடுத்தாலும் போதும். ஒரு பிரதியைப் பென் டிரைவிலும் வைத்திடுங்கள். சம்பளச் சீட்டு கம்பெனி மெயிலுக்கு வந்தால், உடனே வீட்டுக் கம்ப்யூட்டருக்கு டவுண்லோட் செய்திடுங்கள். வேலையை விட்டு அனுப்பும் நாளில் அந்த மெயில் திறக்காது.

இரண்டாவது, பி.எப். தளத்தில் உங்கள் 12 இலக்க யு.ஏ.என். எண்ணைச் செயல்படுத்திக் கொள்ளுங்கள். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் ஆகியவை ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். "முருகேசன்" என்பதில் ஓர் ஆங்கில எழுத்து மாறியிருந்தாலும் பணம் வராது. வேலையில் இருக்கும் போது திருத்துவது சுலபம். நிறுவனம் மூடிய பின் திண்டாட்டம். பணிப் பதிவு என்ற பக்கத்தில் சேர்ந்த தேதியைச் சரி பாருங்கள். விலகிய பின், விலகிய தேதியும் காரணமும் அங்கேதான் வரும். நிறுவனம் விலகிய தேதியைப் போடாமல் விட்டால், கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம்.

மூன்றாவது, இ.எஸ்.ஐ. தளத்தில் காப்பீட்டாளர் பகுதிக்குள் சென்று சந்தா விவரங்களைப் பாருங்கள். சம்பளத்தில் பிடித்த பணம் மாதா மாதம் கட்டப்பட்டிருக்கிறதா என்பது தெரிந்து விடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பி.டி.எப். ஆகச் சேமித்து, ஒரு பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

நான்காவது, தமிழக வேலைவாய்ப்புத் துறையின் தளத்தில் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தேதியைப் பார்த்து, சுவர்க் காலண்டரில் எழுதி வையுங்கள். தனியார் வேலைகளுக்குத் தமிழக அரசு 2020-இல் தொடங்கிய தனித் தளமும் இருக்கிறது. அதில் பதியக் கட்டணம் இல்லை.

ஓர் எச்சரிக்கை. அரசுத் தளங்களின் முகவரி "ஜி.ஓ.வி. டாட் இன்" என்று முடியும். அப்படி முடியாத தளத்தில் ஆதார் எண்ணை டைப் செய்திட வேண்டாம். "உதவித் தொகை வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று போன் வந்தால் வைத்து விடுங்கள். பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தால், பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்கும் போது வேண்டாம் என்று கிளிக் செய்து, லாக் அவுட் செய்த பிறகே எழுந்திருங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

என் தங்கை 2020-இல் மறுபடியும் அதே பக்கம் வேலைக்குப் போனாள், வேறு தொழிற்சாலை. 2023-இல் அங்கேயும் ஆட்களைக் குறைத்தார்கள். ஒரு மாலை போன் வந்தது.

"அண்ணே, ஒரு பேப்பர் குடுத்திருக்காங்க. சொந்தக் காரணம்னு போட்டிருக்கு. நான் இன்னும் கையெழுத்துப் போடலண்ணே."

"போடாதே. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி படிச்சிட்டுத் தர்றேன்னு சொல்லு. முடிஞ்சா ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு" என்றேன்.

அனுப்பினாள். மறுநாள் அவளும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து, "வேலை இல்லை என்று நிறுவனம் சொன்னதால் வெளியேறுகிறோம் என்று எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். முதலில் முடியாது என்றார்கள். தொழிலாளர் துறை அலுவலரிடம் மனுக் கொடுப்போம் என்றதும், இரண்டு நாள் கழித்து ஆட்குறைப்பு என்றே கடிதம் வந்தது. ஒரு மாதம் கழித்து என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இ.எஸ்.ஐ. விண்ணப்பத்தை அவளே டைப் செய்தாள். வங்கிக் கணக்கு எண்ணை மூன்று முறை சரி பார்த்தாள். பணம் வந்தது.

பெரிய தொகை இல்லை. போகும் நகரத்துத் தொழிலாளிக்குக் கிடைத்தது போல மறு பயிற்சியும் இல்லை. அதை அவளே தேடிப் போய் டேலி கற்றுக் கொண்டாள். அரசு செய்ய வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. ஆலை மூடும் போது, தொழிலாளி தேடி வராமல் அரசே தேடிப் போகும் நிதி நமக்கும் வேண்டும். அது வரும் வரை, இருப்பதையாவது விட்டு விடாமல் வாங்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது ஸ்ரீபெரும்புதூரிலோ, ஓசூரிலோ, சென்னை ஐ.டி. கம்பெனியிலோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்த மூன்று தளங்களையும் திறந்து பாருங்கள். அரை மணி நேரம் ஆகும். கம்ப்யூட்டர் வாங்கிய காசில் ஒரு பகுதி அன்றே திரும்பி விடும்.